அரை மணி நேர ஒட்டு

ஒட்டுப் போடுதல் நம்மவர் வாழ்வில் மிகப் பழைய கைவினை. கிழிந்த சாரத்திற்கும், ஓட்டை விழுந்த வலைக்கும், ஒழுகும் கூரைக்கும் ஒட்டுப் போட்டே நம் முன்னோர் காலங்கழித்தனர். புதியது கிடைக்கும்வரை பழையது தாங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். கணினித் துறையினரும் இதே சொல்லையே கையாளுகின்றனர். துளையிட்ட அட்டைகளிலும் தாள் நாடாக்களிலும் நிரல்கள் பொறிக்கப்பட்ட காலத்தில், பிழையாக விழுந்த துளையின்மேல் சிறு தாள் துண்டொன்றை ஒட்டி மறைப்பது வழக்கமாயிருந்தது. நாடாக்கள் மறைந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் ஒட்டு என்ற பெயர் மறையவில்லை.

இற்றை நாளில் ஒட்டு என்பது ஒரு சிறு கோப்பு. நிரலின் பழைய வடிவத்திற்கும் திருத்திய வடிவத்திற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் அது கொண்டிருக்கும். இன்ன வரியை நீக்குக, இன்ன வரியைச் சேர்க்க என்பதே அதன் உள்ளடக்கம். இத்தகைய கோப்பை நிரலொன்றின்மீது தானாகவே பொருத்தும் கருவியை 1985ஆம் ஆண்டில் லாரி வால் என்னும் அமெரிக்கர் எழுதி வெளியிட்டார். ஒரே கோப்பைக் கொண்டு ஒட்டை இடவும் முடியும். அதனையே தலைகீழாகச் செலுத்தி, இட்ட ஒட்டை எடுக்கவும் முடியும். சேர்த்த வரிகள் நீங்கும். நீக்கிய வரிகள் மீண்டும் வந்து அமரும். இடுதலும் எடுத்தலும் ஒரு தொழிலின் இரு பாதிகள் என்பதை அக்கருவியின் அமைப்பே உணர்த்தி நிற்கின்றது.

உலகின் வலைத்தளங்களுள் பெரும்பகுதியை நெடுங்காலம் தாங்கி நின்ற அப்பாச்சி என்னும் சேவையக மென்பொருளின் பிறப்பும் ஒட்டுகளிலேதான் நிகழ்ந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக நிலையமொன்றில் உருவான வலைச் சேவையக நிரலைக் கவனிப்பார் இல்லாது போகவே, அதனைப் பயன்படுத்தி வந்த சிலர் தாம் தாம் இட்ட ஒட்டுகளை 1995இன் தொடக்கத்தில் ஒன்று திரட்டினர். ஒட்டுகள் நிறைந்த சேவையகம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் ஒலியும் அப்பெயரில் கேட்கின்றது எனப் பலர் சுட்டுவர். அதே ஆண்டில் அந்நிரல் முழுவதும் மொடியூல் எனப்படும் தனித்தனிக் கூறுகளாக மாற்றியமைக்கப்பட்டது. ஒரு கூறு பழுதானால் அதனை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம்; ஏனையவை அசையாது நிற்கும். இவ்வமைப்பின் பயன் பெரிது. அதற்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கின்றது. கூறு மாறினாலும், அதனை முன்னிட்டு வெளியே இட்ட ஒட்டு மாறாது இருந்துவிடலாம். அவ்வாறு இருந்துவிட்ட ஒட்டொன்றின் கதையே ஈண்டு கூறப்படுகின்றது.

நாவிதன்வெளியில் 2001ஆம் ஆண்டு பிறந்த ஓர் இளம்பெண், கொழும்பில் ஒரு நிறுவனத்தில் சேவையகங்களைப் பராமரிக்கும் கடமையில் இருந்தாள். பழைய மருத்துவமனைப் பதிவுகளை இலத்திரனியல் வடிவிற் பேணி, உரியவர் வேண்டும்போது பிரதி வழங்குவது அந்நிறுவனத்தின் பணிகளுள் ஒன்று. பதிவுகளின் நேரங்கள் யாவும் உலகப் பொது நேரத்திலே சேமிக்கப்பட்டிருந்தன. பிரதி எடுக்கையில் அவற்றை இலங்கை நேரத்திற்கு மாற்றித் தருவது தனியொரு கூறின் வேலை. ஒருநாள் அவள் அக்கூறைச் சோதிக்கும் பொருட்டுத் தன் சொந்தப் பிறப்பு நேரத்தையே உள்ளிட்டுப் பார்த்தாள். காலை 5.40 என்று வரவேண்டியது 5.10 என்று வந்தது.

5.40 என்பதில் அவளுக்கு ஐயமில்லை. அவளுடைய அம்மம்மா வீட்டில் ஒரு பழைய கொப்பி உண்டு. குடும்பத்தில் பிறந்தவர், இறந்தவர், பூப்பெய்தியவர் எல்லோருடைய நாளும் நேரமும் அதிலே குறிக்கப்பட்டிருக்கும். அவளுடைய பெயருக்கு எதிரே "காலை 5.40, புதுநேரம்" என்று அம்மம்மாவின் கையெழுத்தில் இருந்தது. சிறுவயதில் அதனை வாசித்துவிட்டு, புதுநேரம் என்றால் என்ன என்று அவள் கேட்டதுண்டு. "எந்த நேரமா இருந்தா என்ன மகள், பள்ளியில சுபஹு பாங்கு சொல்லி முடிஞ்ச கையோடதான் நீ பிறந்த" என்று கிழவி சொன்னாள். அயலூர்ப் பள்ளிவாசலின் பாங்கோசை விடியற்காலையில் வயல்வெளியைக் கடந்து வந்து அவ்வீட்டிற்குக் கேட்பதுண்டு. கடிகாரத்தை அரசாங்கம் முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம். கிழக்கு வெளுக்கும் வேளையை ஒட்டிச் சொல்லப்படும் பாங்கு அதனாற் பெயராது என்பது கிழவியின் கணக்கு.

புதுநேரம் என்று கிழவி குறித்தது இத்தீவு முழுவதற்கும் இடப்பட்ட ஓர் ஒட்டினையே. 1906ஆம் ஆண்டு முதல் இலங்கையின் கடிகாரம் உலகப் பொது நேரத்திற்கு 5 மணி 30 நிமிடம் முந்தி ஓடியது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 ஜனவரியில் அரை மணியும், அதே ஆண்டு செப்ரெம்பரில் மேலும் அரை மணியும் முன்னே தள்ளப்பட்டன. போர் முடிந்ததும் 1945 ஒக்ரோபரில் இரண்டும் ஒருங்கே எடுக்கப்பட்டன. இரண்டு தடவையாக இட்ட ஒட்டை ஒரே தடவையில் முற்றாக எடுத்தமை அன்றைய நிருவாகத்தின் திறமை எனலாம்.

1996இல் நிகழ்ந்ததோ வேறு. வரட்சியினால் நீர்த்தேக்கங்கள் வற்றி மின்சாரம் தட்டுப்பட்டபோது, மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தும் நோக்குடன் மே 25ஆம் திகதி கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் இருளிலே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று. ஐந்து மாதங்களின் பின், ஒக்ரோபர் 26ஆம் திகதி, அரை மணி மட்டுமே திருப்பப்பட்டது. எஞ்சிய அரை மணி அப்படியே நின்றுவிட்டது. ஒரு நெருக்கடிக்காக இட்ட ஒட்டின் பாதி, 2006 ஏப்ரல் 15வரை, ஏறக்குறையப் பத்தாண்டுகள் நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இம்மாற்றம் ஏற்கப்படாமையால் ஒரு தீவில் இரு நேரங்கள் ஓடின. நேரம் சொல்பவரிடம் "பழைய நேரமா, புதுநேரமா" என்று திருப்பிக் கேட்பது அக்காலத்தில் இயல்பாயிற்று. அப்பத்தாண்டுகளிற் பிறந்த குழந்தைகளுக்குச் சாதகம் கணிப்போர் அரை மணியைக் கழிக்க மறந்தால், இலக்கினமே மாறிவிடக்கூடும்.

உலகக் கணினிகள் பல இவ்வரலாற்றை நினைவில் வைத்துள்ளன என்பது பலரும் அறியாத செய்தி. நாடுகள் தோறும் நேரம் எப்போது, எவ்வளவு மாறிற்று என்பதைத் தொகுத்துக் கூறும் அட்டவணை ஒன்று உண்டு. ஆதர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடக்கிவைத்த அதனைத் தன்னார்வலர்கள் இன்றும் பேணி வருகின்றனர். அதில் ஆசியா/கொழும்பு என்ற தலைப்பின்கீழ் 1942, 1945, 1996, 2006 ஆகிய ஆண்டுகளின் மாற்றங்கள் அனைத்தும் வரிவரியாக உள்ளன. கொழும்பு நிறுவனத்தின் சேவையகத்திலும் அவ்வட்டவணை இருந்தது. ஆனால் நேரத்தை மாற்றும் கூறை எழுதியவர் அதனை நோக்காது, இன்றைய 5 மணி 30 நிமிடத்தையே எல்லா ஆண்டுகளுக்கும் பொருத்திவிட்டார். ஆகவே 1996க்கும் 2006க்கும் இடைப்பட்ட பதிவுகள் யாவும் பிந்தாது முந்திக் காட்டின.

பிழையை அவள் கூறின் உரிமையாளருக்கு அறிவித்தாள். திருத்திய பதிப்பு வரச் சில வாரங்களாகும் என்று பதில் வந்தது. அதுவரை பிரதிகள் பிழையாகப் போகலாமா? அன்றிரவே அவள் ஓர் ஒட்டை எழுதினாள். அப்பத்தாண்டுகளுக்குள் விழும் பதிவாயின் அரை மணியைக் கூட்டு என்பதே அதன் சாரம். புதிய பதிப்பு வந்து பழைய கூறை அழிக்கும்போது தன் ஒட்டும் அழிந்துவிடலாகாது என்று கருதி, அதனைக் கூறுக்குள் எழுதாமல், கூறின் விடையை வாங்கித் திருத்தும் தனித்துண்டாக வெளியே வைத்தாள். தன் பிறப்பு நேரத்தை மீண்டும் உள்ளிட்டாள். 5.40 என்று வந்தது. மனநிறைவுடன் உறங்கப் போனாள். ஒட்டு எதற்காக, எப்போது இடப்பட்டது, எந்நிலையில் எடுக்கப்படவேண்டும் என்று ஒரு வரிதானும் அவள் எழுதி வைக்கவில்லை. எல்லாம் அவள் நினைவில் இருந்தன.

தற்காலிக ஒட்டு இட்டது குற்றமன்று. 2021 டிசம்பரில் லொக்4ஜே என்னும் மென்பொருட் கூறில் பெருங்குறையொன்று வெளிப்பட்டபோது, உலகெங்குமுள்ள பராமரிப்பாளர் இதைத்தான் செய்தனர். முதலில் ஓர் அமைப்பை மாற்றினால் போதும் எனப்பட்டது. அது போதாது என்று பின்னர் தெரிந்தது. குறைக்குக் காரணமான துண்டையே பொதியிலிருந்து கழற்றி எறியும்படி அடுத்து அறிவுறுத்தப்பட்டது. 2.15, 2.16, 2.17 என்று அவ்வொரு மாதத்துக்குள்ளேயே பதிப்புகள் அடுத்தடுத்து வந்தன. வீடு தீப்பற்றி எரிகையில் கிடைத்த வாளியால் நீர் இறைப்பதே அறிவுடைமை. தீ அணைந்தபின் வாளிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்பதை யார் அறிவார் என்பதே வினா.

2024 நவம்பர் இறுதியில் அம்பாறை மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அவள் அவ்வேளை விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதி நீரில் அமிழ்ந்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசியும் அவிந்து போயிற்று. அதே வாரத்தில் கொழும்பிலே திருத்திய பதிப்பு வந்து தானாகவே பொருந்திக்கொண்டது. புதிய கூறு அட்டவணையை ஒழுங்காக நோக்கி 5.40 என்ற சரியான விடையைத் தந்தது. வெளியே காத்திருந்த ஒட்டு, தனக்கு இட்ட கட்டளைப்படி, அதனோடும் அரை மணியைக் கூட்டிற்று. விடை 6.10 ஆயிற்று.

கடமையிலிருந்த சக ஊழியர் இரண்டு நாளில் மிகையைக் கண்டுகொண்டார். காரணம் புலப்படவில்லை. புதிய பதிப்பே பிழை என்று எண்ணிய அவர், அரை மணியைக் கழிக்கும் வேறொரு ஒட்டைக் கடைசியில் இட்டார். விடை மீண்டும் 5.40 ஆயிற்று. வெள்ளம் வடிந்து கொழும்பு திரும்பிய அவள், புதிய பதிப்பு வந்திருப்பதை அறிந்ததும் தன் ஒட்டு நினைவுக்கு வரவே, எவரிடமும் கேளாது அதனை எடுத்துவிட்டாள். மற்றவர் இட்டது எஞ்சி நின்றது. விடை 5.10. முதன்முதலில் இருந்த அதே பிழை, முற்றிலும் வேறான காரணத்துடன் திரும்பி வந்தது.

எழுத்தில் இது வேடிக்கையாகத் தோன்றும். அவ்விரண்டு நாட்களில் வழங்கிய பிரதிகளுள் ஒன்று ஒரு மரணப் பதிவு. போர்க்காலத்தில் இரவு 11.50க்கு மருத்துவமனையில் உயிர்நீத்த ஒருவருடையது அது. அரை மணி கூடவே, நேரம் 12.20 ஆகித் திகதியும் மறுநாளுக்குப் பெயர்ந்தது. இத்தனை ஆண்டுகளும் தவறான நாளிலா விளக்கேற்றித் திவசம் கொடுத்தோம் என்று இறந்தவரின் வயது முதிர்ந்த தாய் கலங்கிப் போனாள். பிழை திருத்திய பிரதி பின்னர் அனுப்பப்பட்டது. ஆனால் எது சரி என்று இருமுறை சொன்ன தாளை அத்தாய் எவ்வாறு நம்புவாள்? அவ்வினாவுக்கு அப்பெண்ணிடம் விடை இருக்கவில்லை.

எடுத்தலின் பிழை பெருநிறுவனங்களையும் வீழ்த்தியுள்ளது. 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி, நைட் கப்பிற்றல் என்னும் அமெரிக்கப் பங்குவர்த்தக நிறுவனம் புதிய நிரலொன்றைத் தன் எட்டுச் சேவையகங்களில் இட முனைந்தது. ஏழில் இட்டனர், எட்டாவது விடுபட்டது. அதிலே பல்லாண்டுகளாகப் பயன்பாடின்றிக் கிடந்தும் நீக்கப்படாத பழைய நிரற்பகுதி விழித்தெழுந்து கட்டுப்பாடின்றிப் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கிற்று. பதறிய ஊழியர்கள், இட்டதே பிழை என்று எண்ணிப் புதிய நிரலை ஏழு சேவையகங்களிலிருந்தும் எடுத்தனர். அதனால் ஒன்றில் மட்டும் இருந்த நோய் எட்டுக்கும் பரவிற்று. ஏறக்குறைய 45 நிமிடங்களில் இழப்பு 460 மில்லியன் டொலரைத் தாண்டியது. எதை எடுக்கிறோம், அதன்கீழ் என்ன இருக்கின்றது என்று அறியாது எடுத்தல், அறியாது இடுதலிலும் கொடியது.

ஒட்டுகள் பல இருப்பின் கடைசியில் இட்டதை முதலில் எடுக்கவேண்டும். ஒவ்வொன்றையும் எடுத்தபின் சோதிக்கவேண்டும். எடுத்ததையும் ஒரு நிகழ்வாகவே பதிய வேண்டும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிற் என்னும் கருவி இம்மூன்றாவது நெறியைத் தன் அமைப்பிலேயே கொண்டுள்ளது. அதிலே ஒரு மாற்றத்தை மீட்டெடுக்கும் கட்டளை பழைய பதிவை அழிப்பதில்லை. அம்மாற்றத்திற்கு எதிரான புதிய பதிவொன்றை அதன்மேற் சேர்க்கின்றது. இட்டதும் தெரியும், எடுத்ததும் தெரியும், ஏன் என்பதும் எழுதப்பட்டிருக்கும். இலங்கை நேரம் 2006இல் பழைய நிலைக்குத் திரும்பியபோதும் உலக அட்டவணையிலிருந்து 1996இன் வரிகள் நீக்கப்படவில்லை. நீக்கியிருந்தால் அப்பத்தாண்டுகளின் பிறப்பும் இறப்பும் யாவும் அரை மணி பிசகியிருக்கும். திரும்பிப் போதல் வேறு, நடந்ததை நடவாததாக்குதல் வேறு.

அடுத்த முறை வீடு சென்றபோது அவள் இவ்வாறான பெரிய செய்திகள் எதையும் தேடிப் போகவில்லை. வயலுக்குச் சென்ற தந்தையுடன் வரம்பிலே நடந்தாள். வரவையிலிருந்து நீர் போய்விடாதபடி தந்தை வக்கடையை மண்ணும் புல்லும் வைத்து அடைத்தார். பின்னர் அருகிருந்த கம்பொன்றை முறித்து அவ்விடத்திலே குத்தி நாட்டினார். எதற்கு என்று அவள் கேட்டாள்.

"நான் வராட்டியும், அடைச்சது ஆரோ ஒராள் எண்டு வாறவனுக்குத் தெரியோணும் மகள். மழை பேஞ்சா அவன் திறந்து விடுவான். இல்லாட்டி பயிர் அழுகிப் போயிரும்."

அன்றிரவு அவள் அம்மம்மாவின் கொப்பியை மீண்டும் எடுத்துப் பார்த்தாள். கிழவி இப்போது இல்லை. 1996 மே மாதத்திலிருந்து 2006 ஏப்ரல்வரை எழுதப்பட்ட ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் அந்த ஒரு சொல் இருந்தது. பிறந்தவர்க்கும் இருந்தது, இறந்தவர்க்கும் இருந்தது. கணினி கற்றவள் எழுத மறந்ததை, நான்காம் வகுப்போடு பள்ளியை விட்ட கிழவி பத்தாண்டுகள் ஓரிடத்திலும் தவறாது எழுதியிருந்தாள். அவ்வொரு சொல் இருந்தமையால், எந்த அரை மணியை எங்கே கழிக்கவேண்டும் என்பதில் அக்குடும்பத்தில் எவர்க்கும் என்றும் ஐயம் எழப்போவதில்லை.

கொழும்பு திரும்பியதும் அவள் முதலிற் செய்த வேலை, அந்நிறுவனத்தின் சேவையகங்களில் உள்ள ஒட்டுகள் அனைத்தையும் தேடி ஒரு பட்டியல் எழுதியது. இட்டவர் யார், இட்ட நாள் எது, காரணம் என்ன, எப்போது எடுக்கலாம் என்று நான்கு நிரல்கள் அதில் இருந்தன. பலவற்றுக்கு முதல் மூன்றையும் அறிந்தவர் எவரும் நிறுவனத்தில் இல்லை. அவற்றுக்கு எதிரே அவள் வெற்றிடம் விட்டாள். தன்னுடையதை மட்டும் முழுமையாக நிரப்பினாள்; எடுத்த நாளையும், எடுத்தபோது நேர்ந்த பிழையையும் சேர்த்தே எழுதினாள்.